கடற்பறவைகள் ஏன் தீவுகளைத் தேடிப் போகின்றன?

தென்கடல்களில் அலையும் அல்பட்ராஸ் என்றொரு பறவை இருக்கிறது. இறக்கைகளை விரித்தால் முனைக்கு முனை 3.5 மீட்டர் வரை வரும். பசித்தால் கணவாயும் மீனும் உண்டு. தாகமெடுத்தால் கடல்நீரே போதும். அதில் மிகுதியாக இருக்கும் உப்பைக் கண்ணுக்கு மேலுள்ள ஒரு சுரப்பி பிரித்தெடுத்து மூக்கு வழியாகச் சொட்ட விட்டுவிடும். கூட்டை விட்டுக் கிளம்பிய இளம் பறவை பல ஆண்டுகளுக்குக் கரைப்பக்கமே வராது. இப்படி எல்லாவற்றையும் கடலிலேயே முடித்துக்கொள்ளும் பறவைக்கு நிலத்தில் ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். முட்டை வைத்து அடைகாக்க உலர்ந்த, அசையாத ஓர் இடம் வேண்டும். அதை மட்டும் கடல் தராது.

உலகில் கடற்பறவை இனங்கள் 350க்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். அல்பட்ராஸ், பெட்ரல், ஷியர்வாட்டர், பென்குயின், கேனட், பூபி, பஃபின், ஆலா, கடற்காகம் எல்லாம் இதில் சேர்த்தி. இவை எல்லாம் ஒரே குடும்பமல்ல. உருவத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. சாப்பாடு கடலில், கூடு நிலத்தில் என்ற வாழ்க்கை முறைதான் இவற்றைச் சேர்த்து வைக்கிறது. அந்த நிலம் பெரும்பாலும் ஒரு தீவாக இருக்கிறது.

நான்கு கால்கள் இல்லாத நிலம்

"தீவைச் சுற்றிலும் கடல், கையெட்டும் தூரத்தில் மீன், அதனால் வசதி" என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அது பாதிதான் சரி. பெருநிலத்தின் கரையும் கடலை ஒட்டித்தானே இருக்கிறது? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடற்கரை சும்மா கிடக்க, கைக்குட்டை அகலப் பாறை ஒன்றில் பல்லாயிரம் பறவைகள் ஏன் நெருக்கியடித்து உட்கார வேண்டும்?

விடை பெருநிலத்தில் யார் யார் நடமாடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. நரி, பூனை, எலி, கீரி, பன்றி என்று முட்டையையும் குஞ்சையும் மோப்பம் பிடித்துவரும் விலங்குகளுக்கு அங்கே குறைவில்லை. கடற்பறவையோ தரையில் ஏறக்குறைய நிராயுதபாணி. நீந்துவதற்கும் பறப்பதற்கும் ஏற்ற உடல் அது. கால்கள் பின்னால் தள்ளி இருப்பதால் ஷியர்வாட்டர்களால் நிமிர்ந்து நடக்கக்கூட முடியாது, நெஞ்சை இழுத்துக்கொண்டு தவழும். அல்பட்ராஸ் மேலெழும்ப வேண்டுமானால் காற்றை எதிர்த்துக் கொஞ்ச தூரம் ஓடியாக வேண்டும். கூடும் பெரும்பாலும் தரையிலோ மண்வளையிலோதான். ஒரு நரிக்கு இதைவிடச் சுலபமான விருந்து அமையாது.

சரி, வேட்டையாடும் விலங்குகளுக்கு நடுவில்தானே காடைகளும் கௌதாரிகளும் காலம் தள்ளுகின்றன? அவற்றின் கணக்கு வேறு. நிறைய முட்டையிடும், சீக்கிரம் வளரும், பாதி போனாலும் அடுத்த பருவத்தில் ஈடுகட்டிவிடும். கடற்பறவைகளில் பல ஒரு பருவத்துக்கு ஒரே முட்டைதான் இடும். அலையும் அல்பட்ராஸ் அதை அடைகாக்க ஏறக்குறைய 11 வாரங்கள் எடுக்கும். குஞ்சு பறக்கத் தயாராக இன்னும் ஒன்பது மாதங்கள் ஆகும். ஆக, ஒரு குஞ்சை ஆளாக்கினால் அடுத்த முட்டைக்கு இரண்டாம் ஆண்டுதான். முதல் முட்டையிடவே பத்து வயதுக்குப் பக்கமாகிவிடும்.

இவ்வளவு மெதுவான பிறப்பு விகிதத்தை வைத்துக்கொண்டு ஓர் இனம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். வளர்ந்த பறவை நீண்டகாலம் வாழ வேண்டும். கூடு பத்திரமாக இருக்க வேண்டும். நீண்ட ஆயுளுக்கு உதாரணம் பசிபிக்கின் மிட்வே பவளத்தீவில் இருக்கிறது. 'விஸ்டம்' என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு லேசான் அல்பட்ராஸுக்கு 1956ல் காலில் வளையம் மாட்டினார்கள். அப்போதே அது முட்டையிடும் வயதை எட்டியிருந்தது. அதே பறவை 2024 கடைசியிலும் ஒரு முட்டை இட்டது, சுமார் 74 வயதில். இரண்டாவது நிபந்தனையைத்தான் தீவு பார்த்துக்கொள்கிறது.

நடுக்கடலில் எரிமலை எழுப்பிய தீவுகள் எந்தக் காலத்திலும் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தவை அல்ல. பல நூறு கிலோமீட்டர் கடலைத் தாண்டி நரியும் பூனையும் தாமாக வந்து சேர வழியே கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்த பாலூட்டிகள் என்று பார்த்தால் பறந்துபோன வௌவால், நீந்திப்போன சீல் என்று பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும்.

கரைக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டித் தீவுகள் பத்திரமாக இருப்பதற்குக் காரணம் கொஞ்சம் வேறு. எனக்கு இதுதான் அதிகம் பிடித்த பகுதி. அங்கே ஒரு நரி எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முட்டைக்காலத்தில் ராஜபோகம்தான். ஆனால் பறவைகள் ஆண்டில் சில மாதங்கள்தான் அங்கே இருக்கும். அவை கடலுக்குத் திரும்பிய பிறகு மிச்ச மாதங்களில் நரி எதைத் தின்னும்? தீவு சிறியதாக இருந்தால் அது பட்டினியில் சாகும். பறவைகள் கூட்டமாக வந்து கூட்டமாகக் கிளம்பிப் போவதே இந்த வகையில் ஒரு காவல்.

இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க, தீவில் கூடு வைக்காத சில கடற்பறவைகளைப் பார்க்கலாம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் பளிங்கு மர்ரலெட் கடலில்தான் மீன் பிடிக்கும். அது எங்கே முட்டையிடுகிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 1974ல் கலிபோர்னியாவில் ஒரு மரமேறியின் கண்ணில் பட்டது: பழங்காட்டில், ஓங்கி வளர்ந்த மரம் ஒன்றின் உயரமான கிளையில். சாம்பல் கடற்காகம் சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்குள், செடியே இல்லாத வெட்டவெளியில் முட்டையிடுகிறது. பனிப் பெட்ரல் அண்டார்டிகாவில் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மலைப்பாறைகளில் கூடு வைக்கிறது. பெருநிலக் கரைகளிலும் செங்குத்துப் பாறைச் சுவர்களில் கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் தொற்றிக்கொண்டிருக்கின்றன. இந்த இடங்கள் எதையும் கடல் சூழ்ந்திருக்கவில்லை. ஆனால் நான்கு கால் வேட்டைக்காரர்கள் போய்ச் சேர முடியாத, அல்லது போனால் பிழைக்க முடியாத இடங்கள். பறவை தேடுவது அதைத்தான். தீவு அதன் மிகச் சாதாரணமான வடிவம்.

சாப்பாட்டுக்கு எவ்வளவு தூரம்?

பத்திரமான இடம் மட்டும் போதாது. குஞ்சுக்கு இரை கொண்டுவரப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கடலுக்கும் கூட்டுக்குமாக அலைய வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் போய்வரக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆலாக்கள் அக்கம்பக்கத்தில் மீன் தேடும். அல்பட்ராஸ் ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விட்டு, வயிற்றில் எண்ணெயாக்கிய இரையோடு திரும்பும். அதனால் அல்பட்ராஸுக்கு எவ்வளவு ஒதுக்குப்புறமான தீவும் சரிப்பட்டுவரும். ஆலாவுக்கு வராது.

கூட்டம் பெருத்தால் இன்னொரு சிக்கல். தீவைச் சுற்றியுள்ள கடலில் மீனை எல்லாப் பறவைகளும் சேர்ந்து தின்று தீர்த்துவிட்டால், ஒவ்வொன்றும் இன்னும் தள்ளிப்போக வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் போய்வரும் செலவு தாங்காமல் குஞ்சுகள் நலியும். கூட்டத்தின் அளவு அங்கே நின்றுவிடும். பறவையியலாளர் பிலிப் ஆஷ்மோல் 1963ல் முன்வைத்த கருத்து இது. அப்புறம் 2013ல் பிரிட்டன், அயர்லாந்துப் பக்கக் கேனட்களின் மேல் கருவி பொருத்திப் பார்த்தபோது வேறொரு சுவாரசியமும் வெளிப்பட்டது. பக்கத்துப் பக்கத்துத் தீவுகளின் கேனட்கள் பெரும்பாலும் ஒன்றின் கடற்பகுதிக்குள் மற்றொன்று நுழைவதில்லை. வேலியும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனாலும் கடல் பங்குபோடப்பட்டிருந்தது.

நல்ல தீவும் வளமான கடலும் ஒன்றாக அமைந்துவிட்டால் பறவைகளின் எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குப் போகும். பெருவின் கரையோரத் தீவுகள் அப்படிப்பட்டவை. ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த நீரால் அங்கே நெத்திலி கொட்டிக்கிடக்கிறது. அதைத் தின்னும் நீர்க்காகங்கள், பூபிகள், கூழைக்கடாக்கள் போட்ட எச்சம் மழையில்லாத சிஞ்சா தீவுகளில் பல பத்து மீட்டர் உயரத்துக்கு மலைபோல் குவிந்திருந்தது. குவானோ எனப்படும் அந்த எச்சத்தை 19ஆம் நூற்றாண்டில் உரத்துக்காக வெட்டியெடுத்துக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தார்கள். 1864ல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைப் பிடித்துக்கொண்டதில் போரே மூண்டது. பறவை எச்சத்துக்காகப் போர் என்றால் சிரிப்பு வரும், ஆனால் பெரு அரசின் வருமானத்தில் பெரும்பங்கு அன்று அதில்தான் இருந்தது.

ஒரே பாறையில் பல குடித்தனங்கள்

கடற்பறவைகளில் ஏறக்குறைய 95 விழுக்காடு இனங்கள் கூட்டமாகவே கூடு வைக்கின்றன. ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் என்ற பாறைத்தீவில் 2014ல் 75,000க்கும் மேற்பட்ட கேனட் கூடுகளை எண்ணினார்கள். கொத்தும் தூரத்துக்கு ஒன்றாகக் கூடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் பாறைக்கு வெள்ளையடித்ததுபோல் தெரியும்.

பல இனங்கள் சேர்ந்து வாழும் தீவு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி. வட அட்லாண்டிக்கில் ஒரு தீவை எடுத்துக்கொண்டால், உச்சியில் புல்தரைக்கு அடியில் வளை தோண்டிப் பஃபின்கள் இருக்கும். பாறைச்சுவரின் மெல்லிய விளிம்புகளில் கில்லிமாட்கள் நிற்கும். கூடே கட்டாமல் வெறும் பாறையில் ஒரு முட்டை. அந்த முட்டை ஒரு பக்கம் கூராக இருக்கும். உருண்டு விழாமலிருக்கத்தான் அந்த வடிவம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். இன்று ஆய்வாளர்களிடையே அதில் ஒத்த கருத்து இல்லை. கீழே சரிந்து கிடக்கும் பாறைகளின் இடுக்குகளில் ரேசர்பில்கள் குடியிருக்கும்.

இருட்டிய பிறகு வேறு கூட்டம் வரும். மேங்க்ஸ் ஷியர்வாட்டர் பகலில் தரையிறங்கினால் பெரிய கடற்காகங்கள் கொன்றுவிடும். அதனால் நிலவில்லாத இரவுகளில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கித் தன் தன் வளைக்குள் தவழ்ந்து போகும். வேல்ஸ் நாட்டை ஒட்டிய ஸ்கோமர் தீவில் பகலில் உலவினால், காலடியில் லட்சக்கணக்கான பறவைகள் இருக்கின்றன என்று சொன்னால்தான் தெரியும்.

அதற்குப் பக்கத்துத் தீவான ஸ்கோகோமிலிருந்து 1952ல் ஒரு ஷியர்வாட்டரை விமானத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 5,000 கிலோமீட்டர் தாண்டி, முன்பின் அறியாத கடல் வழியாக, பன்னிரண்டரை நாளில் அது தன் வளைக்குத் திரும்பிவிட்டது. பறவையை விட்டாயிற்று என்று பாஸ்டனிலிருந்து போட்ட கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

பெரும்பாலான கடற்பறவைகளுக்கு இந்தப் பற்று உண்டு. பிறந்த தீவுக்கே, பல நேரம் பிறந்த இடத்துக்குச் சில மீட்டர் பக்கத்திலேயே, பல ஆண்டு கழித்துக் கூடு வைக்கத் திரும்பும். ஒரு விதத்தில் இது புத்திசாலித்தனம்தான். தான் பிழைத்து வளர்ந்த இடம் நல்ல இடம் என்பதற்குத் தானே சாட்சி. ஆனால் இடம் திடீரென்று கெட்டுப்போனால்?

கப்பலில் வந்தவை

மனிதர் கப்பலேறியதும் எலிகளும் கூடவே ஏறின. இன்று உலகத் தீவுக்கூட்டங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் எலி ஏதாவதொரு வகையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பூனைகளைச் சில இடங்களில் வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டார்கள். நரியை எதிர்பார்க்காத நிலத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த பறவைக்குத் தப்பியோடவும் தெரியாது, எதிர்த்துநிற்கவும் தெரியாது. வேறு தீவுக்குப் போகலாமே என்றால், பிறந்த இடத்துப் பற்று விடாது.

தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவில் நடப்பதை நம்புவதே கடினம். கப்பல்களோடு வந்த வீட்டுச் சுண்டெலிகள் அங்கே உருவத்தில் பெருத்து, இரவில் அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கொறித்துத் தின்னப் பழகிவிட்டன. எடையில் குஞ்சு சுண்டெலியைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல். ஒரு தட்டுத் தட்டினால் எலி செத்துவிடும். குஞ்சு தட்டுவதில்லை, தன்னைத் தின்ன வருவது என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. உலகின் டிரிஸ்டன் அல்பட்ராஸ்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு தீவைத்தான் நம்பியிருக்கின்றன.

மனிதரே நேரடியாகக் கைவைத்ததும் உண்டு. பறக்க முடியாத பெரும் ஆக் பறவையை வட அட்லாண்டிக் தீவுகளில் இறைச்சிக்கும் இறகுக்கும் அடித்துத் தீர்த்தார்கள். கடைசி இணை 1844ல் ஐஸ்லாந்தின் எல்டே பாறையில் கொல்லப்பட்டது.

பறவைகள் போனால் போவது அவை மட்டுமல்ல. அவை கடலில் தின்று தீவில் எச்சமிடுவதால் கடலின் நைட்ரஜன் நிலத்துக்கு வருகிறது. மழையில் கரைந்து மறுபடி கரையோரக் கடலுக்குப் போகிறது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் எலி உள்ள தீவுகளையும் இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டு 2018ல் ஓர் ஆய்வு வந்தது. எலியில்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு அதிகம். அத்தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 விழுக்காடு கூடுதல். எலி தரையில்தான் இருக்கிறது, விளைவு தண்ணீருக்குள் தெரிகிறது.

திருத்த முடியுமா?

பல இடங்களில் முடிந்திருக்கிறது. நியூசிலாந்து இதில் முன்னோடி. 113 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேம்பல் தீவில் 2001ல் ஹெலிகாப்டரிலிருந்து விஷத்தீனியைத் தூவி எலிகளை ஒழித்தார்கள். அதைவிடப் பல மடங்கு பெரிய தெற்கு ஜார்ஜியா 2018ல் எலியற்றதாக அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் லண்டி தீவில் 2001ல் சுமார் 300 இணை மேங்க்ஸ் ஷியர்வாட்டர்களே இருந்தன; எலிகளை அகற்றிய பிறகு 2023ல் அது 12,000 இணைகளைத் தாண்டியது.

எளிதான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் இணை எலி தப்பினாலும் எல்லாம் பழையபடிதான். கஃப் தீவில் 2021ல் பெரும் முயற்சி எடுத்தார்கள்; அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மீண்டும் சுண்டெலி கண்ணில்பட்டுவிட்டது. வரிசை தவறினாலும் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவில் 2000ல் கடைசிப் பூனையை ஒழித்ததும், முயல்கள் பெருகிப் புல்வெளியை மொட்டையடித்தன, மண் சரிந்தது. பிறகு முயல், எலி, சுண்டெலி மூன்றையும் சேர்த்தே ஒழிக்க வேண்டியதாயிற்று. 2014ல்தான் அந்த வேலை முடிந்ததாக அறிவித்தார்கள்.

எதிரியை விரட்டியதும் பறவைகள் தாமாகத் திரும்பிவிடும் என்றும் இல்லை. பறவையே இல்லாத தீவை மற்ற பறவைகள் நம்புவதில்லை. இதற்கு ஒரு தந்திரத்தைப் பறவையியலாளர் ஸ்டீபன் கிரெஸ் கண்டுபிடித்தார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற தீவில் வேட்டையால் பஃபின்கள் அற்றுப்போயிருந்தன. 1973 முதல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து கையால் தீனி போட்டு வளர்த்துக் கடலுக்கு அனுப்பினார். அவை திரும்பிவரும் வயதில் நம்பிக்கை வர வேண்டும் என்று மரத்தால் செய்த பொய்ப் பஃபின்களைப் பாறைமேல் நிறுத்திவைத்தார். 1981ல் அங்கே மறுபடி பஃபின்கள் முட்டையிட்டன. பொம்மைப் பறவையும், ஒலிபெருக்கியில் பறவைக் கூச்சலும் இன்று உலகெங்கும் பயன்படும் முறையாகிவிட்டன.

ஒரே தீவை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஜப்பானின் தோரிஷிமா தீவைச் சொல்ல வேண்டும். குட்டைவால் அல்பட்ராஸை இறகு வணிகர்கள் லட்சக்கணக்கில் கொன்று, 1949ல் அற்றேபோனது என்று எழுதிவிட்டார்கள். 1951ல் அத்தீவில் பத்துப் பறவைகளளவில் கண்டுபிடித்தனர். பாதுகாத்ததில் எண்ணிக்கை ஏறியது. ஆனால் தோரிஷிமா உயிருள்ள எரிமலை. அதனால் 2008 முதல் 2012 வரை குஞ்சுகளைச் சுமார் 350 கிலோமீட்டர் தள்ளியுள்ள முகோஜிமா தீவுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். அவற்றில் சில வளர்ந்து அங்கேயே திரும்பிக் கூடு வைத்தன.

தாழ்வான பவளத்தீவுகளுக்கு எரிமலைக்குப் பதில் கடலே அச்சுறுத்தல். 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய சுனாமி மிட்வேயிலும் புகுந்ததில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பட்ராஸ் குஞ்சுகள் செத்தன. கடல்மட்டம் உயர உயர இது சுனாமி வராத ஆண்டுகளிலும் நடக்கும். 2021ல் மிட்வேயிலிருந்து கருங்கால் அல்பட்ராஸ் முட்டைகளையும் குஞ்சுகளையும் மெக்சிகோவின் உயரமான குவாடலூப் தீவுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். முட்டைகளைப் பொரித்துக் குஞ்சு வளர்த்தது அங்கிருந்த லேசான் அல்பட்ராஸ்கள். நெருக்கமாக வாழ்வதற்கும் ஒரு விலை இருக்கிறது: 2022ல் பறவைக்காய்ச்சல் பாஸ் ராக்கில் புகுந்து கேனட்களைக் கொன்று குவித்தது. பிழைத்த சிலவற்றின் வெளிர்நீலக் கண்கள் கறுத்துப்போயிருந்தன.

உயரமான, எலியற்ற தீவு எல்லா இனங்களுக்கும் கிடைக்காது. அப்போது பெரிய நிலத்திலேயே ஒரு துண்டைத் தீவாக மாற்றப் பார்க்கிறார்கள். ஹவாயின் ஓவாஹு தீவில் ஊரும் சாலையும் நாயும் பூனையும் கீரியும் ஏராளம். அதன் மேற்கு முனையான கயேனா பாயின்ட்டில், கடலிலிருந்து கடல்வரை நிலமுனையைக் குறுக்கே வெட்டி 2011ல் ஒரு வேலி போட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல், பிறந்த சுண்டெலிகூட நுழைய முடியாத நெருக்கமான வலை. பூனை ஏறித் தாண்டாமலிருக்க உச்சியில் வளைந்த தகடு. தோண்டி நுழையாமலிருக்க மண்ணுக்குள் புதைத்த விரிப்பு. உள்ளே இருந்த விலங்குகளை அகற்றிய பிறகு லேசான் அல்பட்ராஸ்களும் ஷியர்வாட்டர்களும் அங்கே தரையில் கூடு வைத்துக் குஞ்சுகளைக் கரையேற்றுகின்றன. வேலி கடலைத் தொடும் இரண்டு முனைகளில் மட்டும் காவலை ஒருநாளும் விட முடியாது.